வகுப்புக்கு வராமல் போனவர்: தப்பு பண்பாட்டிலா, என்னிடமா?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். இந்தப் பக்கம் நான் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இரண்டு வாரமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

குடியேறி வந்தவர்களுக்கான மாலைநேர மொழி வகுப்பில் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கிறேன். சம்பளம் கிடையாது. பத்து வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரி ஒரு வகுப்பில் மாணவனாக உட்கார்ந்தவன்தான். இப்போது என்னிடம் பதினாறு பேர் படிக்கிறார்கள், ஏழு நாட்டுக்காரர்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் இருக்கிறாள், அறுபதைத் தொடும் ஒருவரும் இருக்கிறார்.

அந்த அறுபதுக்காரரை எழுந்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். உச்சரிப்பை மூன்று இடத்தில் நிறுத்தித் திருத்தினேன். மூன்றாவது தடவை பின்னால் ஒரு பையன் லேசாகச் சிரித்துவிட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளைக் கவிழ்த்து, மேசை விளிம்போடு சரியாக ஒட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மீதி முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "அவங்க கலாச்சாரத்துல வயசானவங்களை நாலு பேர் முன்னாடி திருத்தக் கூடாது, முகம் வாடிடும்" என்று சொல்லி ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். எந்த நாட்டுக்காரரிடம் கண்ணைப் பார்த்துப் பேசலாம், யாரிடம் கூடாது, யார் "ஆமாம்" என்றால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கம்.

ஏழு நாட்டுக்கு ஏழு முகத்தை நான் மாட்டிக்கொள்ள வேண்டுமா? பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள், பாடம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

நான் நிறுவனங்களில் பயிற்சி கொடுப்பவன். உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீடின் "அதிகார இடைவெளி" அளவீட்டைப் பாருங்கள், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை ஜனங்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்பது அது. அந்த எண் அதிகமாக உள்ள நாடுகளில் ஆசிரியர் மேலே, மாணவர் கீழே. கேள்வி கேட்க மாட்டார்கள், தப்பு வெளியே தெரிவதை விரும்ப மாட்டார்கள். குறைவாக உள்ள நாடுகளில் நேர்மாறு. தெரிந்து வைத்துக்கொண்டால் இந்த மாதிரிச் சறுக்கல் வராது.

நூலகவாசி எழுதியது:

அளவுகோல் சார், அந்த எண்கள் எங்கிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே கம்பெனி ஊழியர்களிடம் வாங்கிய லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்கள். புத்தகம் வந்தது 1980இல். ஐபிஎம்மில் வேலை பார்த்த இன்ஜினீயரை வைத்து இன்னொரு நாட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவரை எடைபோட முடியுமா? நாட்டுச் சராசரியைத் தனி ஆள் தலையில் கட்டாதீர்கள் என்று ஹாஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். பயிற்சிக் கூடங்களில் அந்த வரியை மட்டும் யாரும் திரையில் போடுவதில்லை.

இன்னொன்று. கிழக்கத்தியர்கள் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்வார்கள், மேற்கத்தியர்கள் பட்டென்று சொல்வார்கள் என்பது இத்தகைய பட்டியல்களில் தவறாமல் இருக்கும். 2009இல் பத்து மொழிகளில் பேச்சைப் பதிவு செய்து, ஆமாம்-இல்லை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார்கள். எல்லாம் சேர்ந்து சராசரி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இருப்பதிலேயே சீக்கிரம் பதில் வந்தது ஜப்பானிய மொழியில். இருப்பதிலேயே தாமதம் டேனிஷில். அந்தத் தாமதமும் அரை நொடிக்குள்தான். வித்தியாசம் உண்டு, ஆனால் பட்டியல் சொல்லும் திசையில் இல்லை.

சும்மா_பார்வை எழுதியது:

அவரை என்ன வாசிக்கச் சொன்னீர்கள்?

மாலைவகுப்பு எழுதியது:

சும்மா_பார்வை, எளிய பாடம்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்திலிருந்து நகல் எடுத்தது. முயல் ஒன்று கேரட் தேடிப் போகும் கதை. அதில் ஒன்றும் சர்ச்சை இல்லை.

ஊருக்கேற்றபடி எழுதியது:

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது எதற்கு? வந்த இடத்தின் வழக்கத்தை வந்தவர் கற்றுக்கொள்ள வேண்டும். வகுப்பில் வாத்தியார் திருத்தினால் திருத்திக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் குடியுரிமை வாங்குபவர் விழாவில் அதிகாரியோடு கைகுலுக்கியே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். நான் அதை ஆதரிக்கிறேன்.

நூலகவாசி எழுதியது:

அந்தச் சட்டத்தின் மீதிக் கதையையும் கேளுங்கள். 2018 டிசம்பரில் நிறைவேறி 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கையுறை இல்லாமல் குலுக்க வேண்டும் என்பது வரை எழுதினார்கள். குலுக்க வேண்டிய மேயர்களிலேயே சிலர், இது எங்கள் வேலையா என்று முணுமுணுத்தார்கள். 2020இல் கொரோனா வந்தது. கைகொடுக்காதே என்று அரசாங்கமே சொன்னது. கைகுலுக்காமல் விழா இல்லை, விழா இல்லாமல் குடியுரிமை இல்லை என்பதால் விழாக்கள் அப்படியே நின்றன. ஒரு வருடம் முன்பு நாட்டின் விழுமியம் என்று சட்டமாக்கியது, அடுத்த வருடம் நோய் பரப்பும் செயலாகிவிட்டது.

பக்கத்திலேயே ஸ்வீடன். அதே 2018இல் அங்கே தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போன பெண், ஆணோடு கைகுலுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணங்கினார். நேர்காணல் அங்கேயே முடிந்தது. ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்து என்று நிறுவனம் கேட்பது சரிதான், ஆனால் அதைக் கைகுலுக்கித்தான் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது தவறு என்று தீர்ப்பு வந்தது. நிறுவனம் 40,000 குரோனர் நஷ்டஈடு கொடுத்தது. ஐந்து நீதிபதிகளில் இருவர் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது லேசான விஷயமே இல்லை.

நீங்கள் சொல்லும் "ஊர்" எது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஊரே இன்னும் முடிவு பண்ணவில்லை.

ஊருக்கேற்றபடி எழுதியது:

கொரோனாவை எல்லாம் ஆதாரமாகக் கொண்டு வருவது விதண்டாவாதம். ஆனால் ஸ்வீடன் வழக்கு தெரியாது, படிக்கிறேன்.

கடைசிபெஞ்சு எழுதியது:

நான் மறுபக்கத்து ஆள். மூன்று வருடம் இத்தகைய வகுப்பில் படித்தேன். மாலைவகுப்பு அண்ணா, நீங்கள் திருத்தியதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வகுப்பில் என்னைக் கஷ்டப்படுத்தியது திருத்தம் இல்லை, வருகைப் பதிவு.

எங்கள் ஆசிரியைக்கு என் பெயர் நீளமாக இருந்தது. முதல் நாளே, "நான் உங்களை இப்படிக் கூப்பிடட்டுமா?" என்று இரண்டெழுத்தில் ஒன்று சொன்னார். சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்வது? இரண்டு வருடம் அந்தப் பெயருக்குத் தலை நிமிர்ந்தேன். கடைசியில் சான்றிதழை அச்சடிக்கும்போது அந்த இரண்டெழுத்தே ஏறிவிட்டது. திருத்தி வாங்க ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பத் தேதி போய்விட்டது.

எங்களோடு மியான்மரிலிருந்து ஒருவர் படித்தார். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே வழக்கத்தில் இல்லை. படிவத்திலோ குடும்பப் பெயருக்குக் கட்டம் இருக்கிறது, காலியாக விட்டால் கணினி ஏற்காது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் "ஊ" வெறும் மரியாதைச் சொல், நம் "திரு" மாதிரி. அதை அவருடைய முதல் பெயர் என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். ஐஸ்லாந்தில் தொலைபேசி அட்டவணையையே முதல் பெயர் வரிசையில்தான் போட்டுவந்தார்கள், அங்கே பெரும்பாலோருக்கு இரண்டாம் பெயர் அப்பா பெயரிலிருந்தோ அம்மா பெயரிலிருந்தோ வருவது. ஐஸ்லாந்துக்காரருக்கு இது சுவையான தகவல் ஆகிறது, எங்களுக்குப் படிவத்தில் பிழை ஆகிறது.

அந்த ஆசிரியை நல்லவர். இன்றும் பேசிக்கொள்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், கெட்ட எண்ணம் துளிகூட இல்லாமலே இது நடக்கும்.

வரவேற்பறை எழுதியது:

அலுவலகங்களில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கடைசிபெஞ்சு சொன்னது அப்படியே உண்மை. கவுண்டருக்கு முன்னால் நிற்பவர் ஐம்பது வயது மனுஷி. அதிகாரி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேளுங்க" என்பார். நான் பார்வையை அந்த அம்மாவின் பக்கம் திருப்பிவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று நேராகத்தான் மொழிபெயர்ப்பேன். எங்கள் தொழில் முறையே அதுதான், பேசுபவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதிகாரி கண் திரும்பாது. அந்த அம்மாவும் கொஞ்ச நேரத்தில் என்னையே பார்க்க ஆரம்பித்துவிடுவார், அவருக்கும் அதிகாரிக்கும் நடுவே பேச்சே இருக்காது.

இதில் பண்பாட்டு வித்தியாசம் எங்கே வந்தது? ஒரு பெரிய மனுஷியைப் பார்த்துப் பேசாதது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மாலைவகுப்பு, உங்கள் வகுப்பில் "நீ" யா "நீங்கள்" ஆ?

மாலைவகுப்பு எழுதியது:

நல்ல கேள்வி. இங்குள்ள மொழியிலும் நம்மைப் போல இரண்டு உண்டு. நான் எல்லாரையும் நெருக்கமான "நீ" போட்டுத்தான் பேசுகிறேன். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள், வகுப்பு இறுக்கமில்லாமல் இருக்கும் என்று. அவரிடமும் அப்படியே.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வராததும், வகுப்பில் அவருடைய நாட்டுக்காரர் இன்னொருவர் இருக்கிறாரே என்று அவரிடம், "உங்க ஊர்க்காரர்தானே, கொஞ்சம் விசாரிச்சு வரச் சொல்லுங்களேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் ஒரு மாதிரியாக ஆட்டினார்.

சும்மா_பார்வை எழுதியது:

ஐயோ.

அளவுகோல் எழுதியது:

"நீ" பற்றி: அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஸ்வீடனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே ஒருவரோடு பேச வேண்டுமென்றால் பட்டத்தைச் சொல்ல வேண்டும், "இயக்குநர் அவர்கள் உட்கார விரும்புகிறாரா?" என்று எதிரில் இருப்பவரிடமே படர்க்கையில் கேட்பார்கள். 1967இல் தேசிய மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், இனி நான் எல்லாரையும் "து", அதாவது "நீ", என்றுதான் சொல்வேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். சில வருடங்களில் நாடே மாறிவிட்டது. அவர்களுக்கு "நீ" தான் மரியாதை.

வரவேற்பறை எழுதியது:

அளவுகோல், அந்தக் கதையில் முக்கியமானது "என்னையும் அப்படியே கூப்பிடுங்கள்" என்பது. மேலே இருந்தவர் இறங்கி வந்து சொன்னார், இரண்டு பக்கமும் ஒரே சொல் ஆனது. மாலைவகுப்பை அந்தப் பெரியவர் திரும்ப "நீ" என்று சொன்னாரா?

மாலைவகுப்பு எழுதியது:

இல்லை. "ஆசிரியரே" என்பார். எப்போதும்.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி மாலைவகுப்பு, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூலகவாசியும் மற்றவர்களும் நன்றாகச் சொன்னார்கள், ஆனால் சும்மா_பார்வை கேட்டாரே ஒரு கேள்வி, அதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். முயல் கதை.

அமெரிக்காவில் தென் கரோலைனாவின் கரையோரம் ஜான்ஸ் தீவு என்று ஒரு இடம். 1950களில் அங்கிருந்த கறுப்பின மக்கள் ஓட்டுப் போடப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதுதான் அதன் உள்நோக்கம். ஈஸா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து நகரத்துக்கு பஸ் ஓட்டியவர். பயணிகளுக்கு பஸ்ஸிலேயே அந்தச் சட்டத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதியோருக்கு வகுப்புகள் அதற்கு முன்பே இல்லாமல் இல்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மேசையில் இடிக்க, ஐம்பது வயதுக்காரரை உட்கார வைத்தார்கள். ஆள் வரவில்லை. படிப்பில் ஆர்வமில்லாத ஜனம் என்று எழுதிவிட்டார்கள்.

பிறகு, பெரியவர்களுக்குச் சமூகப் போராட்டப் பயிற்சி கொடுத்த ஹைலேண்டர் பள்ளிக்காரர்களும் ஆசிரியை செப்டிமா கிளார்க்கும் ஜென்கின்ஸும் சேர்ந்து 1957 ஜனவரியில் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். கூட்டுறவுக் கடையின் பின்னறையில். ஆசிரியராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? பெர்னிஸ் ராபின்சன், சிகையலங்காரக் கடை வைத்திருந்தவர். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம், இந்த ஜனங்களைக் கீழாகப் பார்க்காத ஆள்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்தார்கள். அவரும் முதல் நாள் என்ன செய்தார், உறவுக்காரரிடமிருந்து ஆரம்பப் பள்ளிப் பாடங்களை வாங்கிக்கொண்டு போனார். வந்திருந்த 14 பேரைப் பார்த்ததுமே இது இவர்களுக்கு ஆகாது என்று புரிந்துவிட்டது. மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போட, மணியார்டர் படிவம் நிரப்ப, பிள்ளைகள் எழுதும் கடிதத்தைத் தாங்களே வாசிக்க என்று சொன்னார்கள். அதுவே பாடம் ஆயிற்று. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்றார். பெரியவர்கள் வாசிக்க வேண்டியதுதானே அது.

கல்வியாளர் பவுலோ ஃப்ரெய்ரி பிரேசிலில் செய்ததும் கிட்டத்தட்ட இதே. 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்புக்கு முன்னால் ஊருக்குள் போய், ஜனங்கள் வாயில் புழங்கும் சொற்களைச் சேகரிப்பதே முதல் வேலை. அந்த முறையில் எல்லாரும் எடுத்துக்காட்டும் சொல் "திஜோலோ", செங்கல். கட்டட வேலைக்காரருக்கு அது தினம் கையில் புழங்கும் பொருள். அதை மூன்று அசையாக உடைத்து, தா தே தி தோ து, ஜா ஜே ஜி ஜோ ஜு, லா லே லி லோ லு என்று விரித்தால் அவர்களே புதுச் சொல் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த வருடமே ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது. செங்கல்லுக்கு அவ்வளவு பயம்.

உங்கள் ஆள் என்ன வேலை பார்த்தவர் தம்பி? அதை நீங்கள் எங்குமே எழுதவில்லை.

மாலைவகுப்பு எழுதியது:

ஐயா, எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக என் வகுப்பில் இருந்தவர். நாடு தெரியும், வயது தெரியும். வேலை தெரியாது. நாளைக்கு நானே போகிறேன்.

ஊருக்கேற்றபடி எழுதியது:

போகுமுன் ஃபோன் செய்துவிட்டுப் போங்கள். திடீரென்று வீட்டு வாசலில் நின்றால் எந்தப் பண்பாட்டிலும் சங்கடம்தான்.

(ஐந்து நாள் கழித்து)

மாலைவகுப்பு எழுதியது:

ஃபோன் செய்தேன். வீட்டுக்கு வேண்டாம், பூங்காவில் பார்க்கலாம் என்றார். போனேன்.

நில அளவையாளராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். சாலை போடுவதற்கு முன்னால் மலையை அளந்தவர். தாளை மேசை விளிம்போடு ஒட்டி வைத்தது நினைவிருக்கிறதா, அந்தக் கை அது.

திருத்தியது கோபமா என்று கேட்டேன். அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. திருத்தாவிட்டால் எதற்கு வகுப்பு என்றார். அவர் காலத்தில் அளவு தப்பானால் மேலதிகாரி எல்லார் முன்னிலும் வரைபடத்தையே கிழித்துப் போடுவாராம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காய் மடித்து வைத்திருந்தார். முயல். கீழே, "முயலுக்கு வண்ணம் தீட்டுக" என்று ஒரு வரி இருந்தது, நகல் எடுக்கும்போது நான் அதை மறைக்க மறந்திருக்கிறேன். அன்று இரவு அவர் வீட்டில் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, தாத்தாவுக்கும் என் வீட்டுப்பாடமா என்று கேட்டதாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

ஊர்க்காரரை அனுப்பியது? அதுதான் உண்மையிலேயே அவரைப் பாதித்திருக்கிறது. இருவரும் ஒரே நாடுதான், ஆனால் அங்கே நடந்த சண்டையில் எதிரெதிர்ப் பக்கம். எட்டு மாதம் ஒரே அறையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், இரண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலில் இருவருக்கும் ஒரே வரிதான். நான் அனுப்பிய செய்தி அவரிடம் போய்ச் சேரவே இல்லை, அந்த ஆள் வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் வீட்டு முகவரியை நான் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று பயந்திருக்கிறார். நான் கொடுக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவேடு மேசைமேல் திறந்தே கிடக்கும், அதில் முகவரி இருக்கிறது. அதை இன்று பூட்டி வைத்துவிட்டேன்.

கடைசிபெஞ்சு எழுதியது:

அண்ணா, அவர் பெயரைச் சரியாகச் சொல்கிறீர்களா?

மாலைவகுப்பு எழுதியது:

பூங்காவில் கேட்டேன். எட்டு மாதமாகத் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன், நடு எழுத்தை நீட்ட வேண்டுமாம். நான்கு தடவை திருத்தினார். மூன்றாவது தடவை பக்கத்து பெஞ்சில் இருந்தவர் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார். வியாழக்கிழமை அந்த இன்னொருவர் வருவார், அவரிடமும் பேசி நாட்களைப் பிரித்துக்கொண்டோம். நேற்று வந்தார். நகராட்சியின் சாலைப் பணி அறிவிப்பை வைத்துப் பாடம் எடுத்தேன். அதில் தெரு அகலத்தின் எண் தப்பு என்று வகுப்பு முடியும் வரை வாதாடினார், பாதி வகுப்பில் படிக்கும் மொழியில், பாதி சைகையில். வாய்விட்டு வாசிக்க மட்டும் இன்னும் ஒப்பவில்லை. நான் "நீங்கள்" என்றுதான் பேசுகிறேன்; அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் மட்டும் தன்னை "நீ" என்றே சொல்லச் சொல்கிறாள், அப்படியே சொல்கிறேன்.

வரவேற்பறை எழுதியது:

எண் உண்மையிலேயே தப்பா?

மாலைவகுப்பு எழுதியது:

நாளைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கப் போகிறோம். வகுப்பு முழுவதும்.